அடிக்குப் போட்ட கையெழுத்து

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முகப்பில் பேனர் ஏறிவிட்டது.

கட்டியவன் கொழுந்தன் பிரதீபன். இரண்டு மூங்கில்களை நட்டு, நான்கு மூலையிலும் கயிறு போட்டு, தள்ளி நின்று பார்த்து, மறுபடி ஏறி ஒரு மூலையை இழுத்துக் கட்டி, அதன் பிறகுதான் அண்ணியைக் கூப்பிட்டான்.

சுலக்ஷனா வாயில் பற்பசை நுரையோடு வந்து நின்றாள்.

பேனரில் அவளுடைய கல்யாணப் படம். நகைகளை எப்படியோ அழித்துவிட்டு, தலையில் ஒரு கம்பளித் தொப்பியை ஒட்டியிருந்தார்கள். பின்னால் ஒரு பனிமலை. அது அவள் போகப்போகும் மலை இல்லை. பிஸ்கட் டின் மூடியில் வருகிற ஏதோ ஒரு மலை. அதையெல்லாம் விட்டுவிடலாம். கீழே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: '6812 அடி உயர இமயமலைச் சிகரம் நோக்கிப் புறப்படும் எங்கள் வீட்டு மருமகள் சுலக்ஷனா நிரஞ்சனை மேற்பிரிவு மக்கள் வாழ்த்தி வழியனுப்புகிறோம்.'

பிரதீபன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நுரையோடு தலையாட்டினாள். தண்ணீர்ப் பீலிக்குத் திரும்பி வாயைக் கொப்பளித்தபோது நுரை போய்விட்டது. அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் நின்றுகொண்டது. அடி.

அமா டப்லாம் 6812 அடி இல்லை. மீட்டர்.

வருகிற வெள்ளிக்கிழமை காத்மண்டுவுக்கு விமானம். ஆறு பெண்கள் போகிறார்கள். கண்டியிலிருந்து தனுஷிகா தலைமை. லீவுக்காகக் கல்வி அலுவலகத்தில் சுலக்ஷனா ஏறி இறங்கிய படிகளும், மாமியார் பூரணி மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு நான்காம் நாள் தானாகவே கம்பளிக் காலுறை பின்ன உட்கார்ந்ததும் சென்ற வாரங்களின் கதை. போன வியாழக்கிழமை கடைசிப் பத்திரத்திலும் அவள் கணவன் நிரஞ்சன் கையெழுத்துப் போட்டுவிட்டான். 'இம்மலையேற்றத்தின் ஆபத்துகளை நான் முழுமையாக அறிவேன்' என்று தொடங்குகிற பத்திரம். நெருங்கிய உறவினர் ஒருவர் போட வேண்டியது. பரிசுக் கோப்பை வாங்குகிறவன் முகத்தோடு அவன் அதைப் போட்டான். இன்று இரவுக்குள் அதைப் படம் பிடித்துத் தனுஷிகாவுக்கு அனுப்ப வேண்டும்.

தவறு சித்திரை மாதத்தில் நடந்தது.

மலையகத்தில் யாரும் மீட்டரில் வாழ்வதில்லை. நிரஞ்சன் வேலை செய்கிற தேயிலைத் தொழிற்சாலையின் வாசற்பலகையிலேயே '4350 அடி' என்று இருக்கிறது. தேயிலையின் தரத்தைச் சொல்ல வேண்டுமானால் முதலில் உயரத்தைச் சொல்ல வேண்டும். உயரம் என்றால் அடிதான். நுவரெலியா ஆறாயிரத்து இருநூறு. டார்ஜிலிங் ஆறாயிரத்து எழுநூறு சொச்சம் என்பதும் அவனுக்குத் தெரியும், அங்கேயும் தேயிலை இருப்பதால். சுலக்ஷனா மலையேற்றப் பயிற்சி எடுத்ததும் டார்ஜிலிங்கில்தான். அதனால் "இந்த மலை எவ்வளவு?" என்று அவன் கேட்டு, "ஆறாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு" என்று அவள் சொன்னபோது, அவன் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இவ்வளவுதானா? தேயிலை நிக்கிற உசரம்தானே. குளிரு கொஞ்சம் கூட இருக்கும், பனி இருக்கும். அவ்வளவுதான?"

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு அலகு மாற்றம் கற்றுக்கொடுக்கிற ஆசிரியை அவள். சொல்லவில்லை. அடுப்பில் ரொட்டி கருகுகிற வாசம் வந்தது, எழுந்து போனாள். திரும்பி வந்தபோது அவன் தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ஆறு மாதம். அவள் ஏமாற்ற நினைத்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஆனால் இன்று பீலியடியில் நின்று நினைத்துப் பார்த்தால், நாளைக்கு என்பதற்கு உள்ளே வேறு ஒன்று இருந்தது. அவளைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து எல்லோரும் பயந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆற்றுக்குப் போகாதே, பாறையில் ஏறாதே. முதல்தடவையாக ஒரு மனிதன் கொஞ்சமும் பயப்படாமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அவள் கயிற்று முடிச்சுகளைக் கட்டிப் பழகுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அந்தச் சிரிப்பின் நிழலில் இருப்பது எவ்வளவு சுகம். அதை அவள் மீட்டரால் உடைக்க விரும்பவில்லை.

பத்து மணிக்குப் பூசை.

தோட்டத்தின் மேற்பிரிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடிகளைக் குறைத்து வெட்டும் கவ்வாத்து வேலை தொடங்கும் அன்று, முதல் செடியில் கத்தி படுவதற்கு முன்னால் கவ்வாத்துசாமிக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். சாமி என்பது எட்டாம் நம்பர் மலையின் கீழ் முனையில், ஒரு சவுக்கு மரத்தடியில் இருக்கும் முழங்கால் உயரக் கல். இங்கே தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் மலை என்றுதான் பெயர். எந்த மலை, எவ்வளவு ஏற்றம், எங்கே குளவிக்கூடு, எங்கே சரியும் கல், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சாமியிடம் சொல்ல வேண்டும். மறைத்துச் சொன்னால் கத்தி கைக்கே திரும்பும் என்பது நம்பிக்கை. சொல்லி முடித்த பிறகுதான் தேங்காய்.

மருமகள் ஏறப்போவதும் மலைதானே, அதையும் சாமியிடம் சொல்லிவிடுவோம் என்று யோசனை சொன்னது பொன்னையா. முப்பது வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர், இப்போது சாமி காரியங்களைப் பார்த்துக்கொள்கிறார். ஷெர்பாக்களும் ஏறுவதற்கு முன்னால் கீழ்முகாமில் கல் அடுக்கிப் பூசை செய்வார்கள் என்று சுலக்ஷனா சொன்னபோது, அவருக்கு அந்தச் சாதியின்மீது உடனே மரியாதை வந்துவிட்டது.

லயத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் ஷாமிலா பெரிய சட்டியில் சர்க்கரைப் பொங்கலைச் சுமந்து வந்து இறக்கி, யாரும் தொடக் கூடாது என்று கரண்டியோடு காவல் நின்றாள். வெயில் இருந்தது. ஐப்பசியில் காலை வெயிலை நம்ப முடியாது, பிற்பகலில் இடி இடிக்கும். ஆனாலும் அந்த நேரத்துக்கு மலை முழுவதும் கழுவித் துடைத்த மாதிரிப் பளபளத்தது.

சாமியிடம் கணக்குச் சொல்வது வீட்டு ஆண்பிள்ளையின் வேலை. நிரஞ்சன் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றான். சந்தோஷத்தில் அவனுக்குக் காது சிவந்திருந்தது. அப்படிச் சிவக்கும் என்பது நான்கு வருடமாக அவளுக்குத் தெரியும்.

பொன்னையா கற்பூரத்தை ஏற்றினார்.

"எந்த மல?"

"நேபாளத்துல அமா டப்லாம்ங்க மாமா."

"என்கிட்ட சொல்லாத, சாமிகிட்ட சொல்லு. ஏத்தம் எப்படி?"

"செங்குத்து. கயிறு போட்டுத்தான் ஏறணும்."

"உசரம்?"

"ஆறாயிரத்து எண்ணூத்திப் பன்னெண்டு அடி."

பொன்னையா தேங்காயைக் கையில் எடுத்தார்.

"மீட்டர்" என்றாள் சுலக்ஷனா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பூசை நேரத்து அமைதியில் அது எல்லோருக்கும் கேட்டது. அவள் சாமிக்குப் பயந்து சொன்னாளா? பிறகு பலமுறை யோசித்தும் அவளால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. கத்தி கைக்குத் திரும்பும் என்பதை அவள் நம்புகிறவள் இல்லை. அந்தக் காது சிவப்பைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நொடி நிற்க முடியவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நிரஞ்சன் திரும்பிப் பார்த்தான். அவன் உதடுகள் அசைந்தன. அவன் மனக்கணக்கில் கெட்டிக்காரன். கிலோவையும் றாத்தலையும் மாற்றி மாற்றிப் பழகியவன். மூன்று புள்ளி இரண்டு எட்டால் பெருக்குகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பெருக்கி முடிந்த நொடியும் தெரிந்தது.

"இருபத்திரெண்டாயிரத்து முந்நூறு" என்றான். பிறகு, அது யாருக்கும் புரியாது என்று நினைத்தோ என்னவோ, "மூணு சிவனொளிபாத மல. ஒண்ணு மேல ஒண்ணு. அதுக்கு மேலயும் கொஞ்சம்" என்றான்.

முதலில் வாய் திறந்தது பூரணிதான்.

"ஐயோ, நான் நுவரெலியா குளிருக்கில்ல காலுறை பின்னிக்கிட்டிருக்கேன்" என்றார் கவலையோடு.

அவ்வளவுதான். ஷாமிலா கரண்டியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கணக்கு டீச்சர் கணக்கில் பிழை விட்டால் பிள்ளைகள் என்ன செய்யும் என்று யாரோ கேட்டார்கள். பிரதீபன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் லயத்துப் பக்கம் திரும்பிப் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பொன்னையா கற்பூரத்தைக் கையால் விசிறி அணைத்தார். சாமிக்குப் பிழைக் கணக்குச் சொல்லியாகிவிட்டது, இனி புருஷனும் பெஞ்சாதியும் முதலில் தங்களுக்குள் சரியான கணக்கைப் பேசி முடித்துவிட்டு வர வேண்டும், அதுவரை தேங்காய் உடையாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஷாமிலா உடனே பொங்கலின் கதி என்ன என்று கேட்டாள். பொங்கலுக்கும் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்றார் அவர். சனம் சட்டியைச் சுற்றிக்கொண்டது.

நிரஞ்சன் அவளுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தான். பேனருக்குக் கீழே குனிந்து நுழைந்தான். அதற்குள் பிரதீபன் ஏணி போட்டு ஏறி 'அடி'யைப் பிளேடால் வெட்டி எடுத்திருந்தான். எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டை வழியாகத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசைமேல் அந்தப் பத்திரம் இருந்தது. நிரஞ்சன் அதை எடுத்து, வாசித்து, தன் கையெழுத்தை விரலால் தொட்டான்.

"இது அடிக்குப் போட்ட கையெழுத்து" என்றான். "மீட்டருக்குச் செல்லாது."

"கிழிச்சிருங்க."

"கிழிக்கறதுக்கா சொன்னேன்? ஆறு மாசம் சுலா. தேயில பெக்டரியில, ஹட்டன் பஸ்ல, சலூன்ல, பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். என் பெஞ்சாதி நுவரெலியாவுக்கு மேல கொஞ்சம் ஏறப்போறான்னு. நீ பக்கத்துலதான் நின்ன. ஏன் சொல்லல?"

மன்னிப்புக் கேட்பது எளிதாக இருந்திருக்கும். ஆனால் மன்னிப்பு அவன் கேட்டதற்குப் பதில் இல்லை.

"நீங்க பயப்படாம இருந்தீங்க" என்றாள் கடைசியில். "அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அத வச்சுக்கணும்னு தோணுச்சு."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. பத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். வாசலில் செருப்புச் சத்தம். பூரணி ஒரு கிண்ணத்தில் பொங்கலோடு வந்து, இருவரையும் பார்த்து, போகலாமா இருக்கலாமா என்று யோசித்து, இருப்பது என்று முடிவெடுத்து அடுப்படியில் குந்திக்கொண்டார்.

"சரி, சொல்லு" என்றான் நிரஞ்சன். "கீழ இருந்து மேல வரைக்கும். ஒண்ணும் விடாம. அடில சொல்லு."

அவள் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் மலையை வரைந்தாள். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண் மாதிரி. அமா என்றால் அவர்கள் மொழியில் அம்மா. கழுத்துக்குக் கீழே தொங்குகிற பனிக்கட்டிதான் டப்லாம். அவர்கள் பெண்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற தாயத்துப் பெட்டியின் பெயர்.

கீழ்முகாம் பதினைந்தாயிரம் அடி என்று அவள் தொடங்கியதுமே, கீழ்முகாமே இரண்டு சிவனொளிபாதமா என்று பூரணி வாயைப் பொத்திக்கொண்டார். முதல் முகாம் பதினெட்டாயிரத்து எழுநூறு. இரண்டாவது முகாம் பத்தொன்பதாயிரத்து எழுநூறு. ஒரு பாறைக்கோபுரத்தின் தலையில், நாலைந்து கூடாரம் மட்டும் ஒட்டிக்கொள்ளும் இடம். அதற்குப் போகும் வழியில் நெட்டுக்குத்தாக மஞ்சள் பாறை ஒன்று. அதைத் தாண்டினால் சாம்பல் நிறத்தில் இன்னொரு கோபுரம். அங்கே பாறையும் பனியும் கலந்திருக்கும், வெயில் ஏறினால் கல் உதிரும். அதற்கும் மேலே கத்தி முனை மாதிரி ஒரு பனி வரம்பு, இரண்டு பக்கமும் பள்ளம். பிறகு உச்சி வரை பனிச்சுவர். எல்லா இடத்திலும் கயிறு கட்டியிருக்கும். மேலே காற்று பாதிக்கும் குறைவு.

சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தனியாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தபோது இவையெல்லாம் கல்லாகக் கனத்தன. இந்தக் குசினியில், அடுப்புப் புகையில், மாமியார் பொங்கல் தின்னாமல் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருக்கையில், ஆபத்துகள் ஒவ்வொன்றும் தன் உண்மையான அளவுக்கு வந்தன. பெரிதுமில்லை, சிறிதுமில்லை.

"இதுல உன் கைல இருக்கறது எது, இல்லாதது எது?" என்று கேட்டான் நிரஞ்சன்.

பாறையும் கயிறும் என் கையில், என்றாள். அதற்குத்தான் மூன்று வருடம் பழகினேன். காற்றும் பனிப்புயலும் என் கையில் இல்லை. ஆனால் நாள் பார்த்துக் காத்திருக்கலாம், திரும்பலாம். அந்தத் தொங்கும் பனிக்கட்டி யார் கையிலும் இல்லை. முன்பு ஒருமுறை அது உடைந்து விழுந்து, அதற்கு நேர் கீழே இருந்த மூன்றாவது முகாமில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது.

சொல்லிவிட்டாள். அதையும் சொல்லிவிட்டாள்.

பூரணிதான் முதலில் பேசினார். "குளவிக்கூடு மாதிரியா?"

"அப்படித்தான் அத்த."

"கூடு இருக்கற பக்கம் நாங்க நின்னு பேச மாட்டோம். கொழுந்த எடுத்தமா, போனமான்னு போய்ருவோம். சாப்பாட்டுக் கூடைய அங்க எறக்கிவைக்க மாட்டோம்."

"நாங்களும் அதுக்குக் கீழ தூங்கறதில்ல. ரெண்டாவது முகாம்லேருந்து நேரா மேல போய்ட்டு, நேரா எறங்கி வந்துருவோம். நாள் நீளம், களைப்பு கூட. ஆனா அங்க படுக்க வேண்டியதில்ல."

பூரணி தலையசைத்துவிட்டு அப்போதுதான் முதல் வாய்ப் பொங்கலைச் சாப்பிட்டார்.

நிரஞ்சன் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பி வா என்று சொல்வது யார் என்று கேட்டான். தனுஷிகா அக்காவும் ஷெர்பா தலைவரும், என்றாள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? காற்றைப் பார்ப்பார்கள், நேரத்தைப் பார்ப்பார்கள். காலையிலும் மாலையிலும் ஒவ்வொருவரையும் கேட்பார்கள். தலைவலி இருக்கிறதா, வாந்தி வருகிறதா, தூங்கினாயா, நடை தள்ளாடுகிறதா. உயரம் மூளைக்கோ நெஞ்சுக்கோ ஏறினால் முதலில் தெரிவது அப்படித்தான். சொன்னால் உடனே இறக்கிவிடுவார்கள், இறங்கினால் பிழைத்துக்கொள்ளலாம்.

"கேப்பாங்க" என்றான் அவன். "நீ சொல்லுவியா?"

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"எனக்கு வருத்தமாயிரும்னு ஆறு மாசம் ஒரு சொல்ல விழுங்கினவ நீ. அங்க அஞ்சு பேரு இருப்பாங்க. உன்னால அவங்க திரும்பணும்னா நீ சொல்லுவியா? தலை வலிக்குதுன்னு?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது. பூரணி அதை எட்டி உள்ளே தள்ளவில்லை.

நோட்டுப் புத்தகத்தில் பதினேழு ஆபத்துகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது நடக்க நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்று மதிப்பும் போட்டிருந்தாள் சுலக்ஷனா. பதினேழிலும் அவள் இல்லை. பாறை இருந்தது, பனி இருந்தது, காற்று இருந்தது. எல்லோருடைய சிரிப்பையும் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொள்கிற ஒருத்தி அந்தப் பட்டியலில் இல்லை. அவளைத்தான் இந்த மனிதன் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டான்.

"பயிற்சில" என்றாள். "மேல் முகாம்ல எனக்கு ரெண்டு நாள் தலைவலி. கண்ணத் திறக்க முடியல. நல்லா இருக்கேன்னு சொன்னேன். மாத்திரை போட்டுகிட்டு ஏறினேன். மூணாம் நாள் சரியாயிருச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"தனுஷிகா அக்காவுக்கு?"

"டாக்டர் படிவத்துல அப்படி எதுவும் வந்ததில்லன்னு எழுதினேன்."

நிரஞ்சன் எழுந்தான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சுவரில் சார்ஜில் கிடந்த அவள் போனைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில், பத்திரத்தின்மேல் வைத்தான்.

"நான் உன்னைப் போகாதன்னு சொல்லல. மூணு சிவனொளிபாதம் ஏறுறவள எவன் தடுப்பான்? இத மட்டும் சொல்லிட்டுப் போ."

"சொன்னா குழுவுலேருந்து எடுத்துருவாங்க. வெள்ளிக்கிழமை விமானம். எனக்குப் பதிலா வர்றதுக்கு வினோதா தயாரா இருக்கா."

"தெரியும்" என்றான்.

அவன் சொன்னது அவ்வளவுதான். அவன் முகத்தில் கோபம் இல்லை, வெற்றி இல்லை, தப்பித்தோம் என்கிற நிம்மதியும் இல்லை. அவள் போக வேண்டும் என்று அவனும் விரும்புகிறான் என்பதை அந்த முகத்தில்தான் அவள் முதல்தடவையாகத் தெளிவாகப் பார்த்தாள். சித்திரையில் பார்த்தது தெரியாதவனின் சிரிப்பு. இது தெரிந்தவனின் முகம். இதுவும் பிடித்துத்தான் இருந்தது. அதைவிட அதிகமாகவே.

அவள் போனை எடுத்தாள்.

தனுஷிகா முதலில் கயிறுகள் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினாள். சுலக்ஷனா இடைமறித்துச் சொல்லிவிட்டாள். தேதி, இடம், எத்தனை மாத்திரை, படிவத்தில் எழுதிய பொய், எல்லாவற்றையும். பிறகு தனுஷிகா கேள்விகளாகக் கேட்டாள். வாந்தி இருந்ததா, நடை எப்படி, மூன்றாம் நாள் எவ்வளவு உயரம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னபோது, ஒரு பரீட்சையில் முதல்தடவையாக ஒளித்து எழுதாமல் எழுதுகிற மாதிரி இருந்தது.

"இத ஏன் இப்ப சொல்றீங்க?"

"வீட்டுக்காரர் கேட்டாங்க."

தனுஷிகா மூச்சு விடுவது கேட்டது. முதல் தலைவலியிலேயே யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை, அந்த உயரத்தில் பாதிப் பேருக்கு அது வரும், உடம்பு பழகியும் போகும் என்றாள். வலி அல்ல, மறைத்ததுதான் தனக்குப் பிரச்சினை என்றாள். குழுவின் டாக்டரிடம் சொல்ல வேண்டும், புதன்கிழமை கொழும்பில் முழுப் பரிசோதனை, முடிவு அவர் கையில். அதுவரை வினோதாவையும் தயாராக இருக்கச் சொல்வேன், வருத்தப்படாதீர்கள் என்றாள்.

"இன்னொண்ணு சுலா. கேள்வி கேக்கறதுல உங்க வீட்டுக்காரர் நம்ம டாக்டர விடக் கெட்டி. புதன்கிழமை அவரையும் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்தாள். குழுவில் இடம் போகலாம். மூன்று வருடப் பயிற்சியும் போகலாம். அப்படியிருந்தும் உள்ளே எங்கோ ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று வந்தது. பூரணி மெதுவாக எழுந்து, முடிக்காத காலுறைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு நூற்கண்டை எடுத்து வைத்தார். போனாலும் போகாவிட்டாலும் இரண்டு மடங்கு தடிப்பாகப் பின்னப்போவதாக அறிவித்தார்.

மூன்று மணிக்கு மறுபடி எல்லோரும் சவுக்கு மரத்தடிக்கு வந்தார்கள். மேற்கே வானம் கறுத்துவிட்டது. பொங்கல் தீர்ந்திருந்தது. கணக்குச் சொல்வது ஆண்பிள்ளையின் வேலை என்று பொன்னையா நினைவூட்டினார். ஏறப்போறது நான் இல்லையே மாமா என்றான் நிரஞ்சன். பொன்னையா கல்லைப் பார்த்தார். கல் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை.

சுலக்ஷனா கைகூப்பி நின்று சொன்னாள். மலையின் பெயர். உயரம், அடியிலும் மீட்டரிலும். மஞ்சள் பாறை, உதிரும் கல், தொங்கும் பனி. கடைசியில், "மறைக்கிற பழக்கம் உள்ளவ ஒருத்தி ஏறப்போறா. புதன்கிழமை உத்தரவு கிடைச்சா" என்றாள். கூட்டத்தில் யாருக்கும் அது விளங்கவில்லை. பூரணி மட்டும் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்.

தேங்காய் உடைந்த அதே நொடியில் மழையும் உடைந்தது. சனம் சிரித்துக்கொண்டே சிதறி ஓடியது. ஷாமிலா வெறும் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சாமி பதில் சொல்லிவிட்டார் என்று கத்தியபடி இறங்கினாள். என்ன பதில் என்று யாரும் நின்று கேட்கவில்லை.

அவர்கள் இருவரும் கடைசியாக இறங்கினார்கள். செடிகளுக்கு நடுவே மண்ணில் வெட்டிய படிகள் வழுக்கின. முன்னால் போன நிரஞ்சன் பாதியில் நின்று, மழைத் தண்ணீரைக் கண்ணிலிருந்து வழித்துவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன் ஒரு காலு மட்டும் பாத்துப் பாத்து வைக்கற? வலிக்குதா?"

"இல்லையே" என்று வாய் பாதி திறந்துவிட்டது. நாக்கு அந்தச் சொல்லுக்கு அப்படிப் பழகியிருந்தது.

"வலிக்குது" என்றாள்.

"எங்க?"

"இடது முட்டி."

"எத்தன நாளா?"

அவள் எண்ணிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா."

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். பிறகு ஈரப் படியிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினான். எந்தச் சிரிப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. சித்திரைச் சிரிப்பு இல்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, மழையில் எது எதுவென்று யாருக்குத் தெரியும். அவள் இடுப்பில் செருகியிருந்த பொலித்தீன் பையிலிருந்து போனை எடுத்து, தனுஷிகாவின் எண்ணைத் தானே அழுத்தி, காதில் வைத்துக்கொண்டாள்.

மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. நிரஞ்சன் சிரிப்பை நிறுத்திவிட்டு, வாட வைத்த கொழுந்து பதமாகிவிட்டதா என்று தொழிற்சாலையில் கைப்பிடியில் அழுத்திப் பார்ப்பானே, அந்தக் கவனத்தோடு அவள் முட்டியை இரண்டு கையாலும் பிடித்தான்.

"இங்கயா?"

"இல்ல" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் கீழ."